ஊதுகுழலில் ஒரு டம்ளர்: சிறு உலைக் கண்ணாடி வேலை, படிப்படியாக

கண்ணாடி ஊதப் பழக வருகிறவரிடம் முதலில் எதைச் செய்யச் சொல்வது என்பதில் பட்டறைக்குப் பட்டறை கருத்து மாறும். பலர் பேப்பர் வெயிட்டில் தொடங்குவார்கள். கம்பியில் கண்ணாடியை எடுக்கவும் விடாமல் சுழற்றவும் அது நல்ல பயிற்சிதான், ஆனால் அதில் ஊதும் வேலையே கிடையாது. சாதாரண டம்ளர் ஒன்றைச் செய்யுங்கள். எடுப்பது, ஊதுவது, கழுத்து பிடிப்பது, அடி தட்டுவது, கம்பி மாற்றுவது, வாய் விரிப்பது, ஆற்றுவது என்று இந்த வேலையின் அடிப்படை எல்லாம் அந்த 10 சென்டிமீட்டர் உயரத்துக்குள் வந்துவிடும். சுவர் ஒரு பக்கம் தடித்துப்போனாலும் டம்ளர் காட்டிக்கொடுத்துவிடும். கலைப்பொருள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இங்கே சொல்வது ஸ்டுடியோ முறை. சிறிய உலை ஒன்று, ஊதுகிறவர் ஒருவர், உதவிக்கு ஒருவர், அவ்வளவுதான். இப்படித் தனி ஆள் கண்ணாடி ஊதுவது இன்று சாதாரணம். அறுபது எழுபது வருடங்களுக்கு முன்பு அப்படி இல்லை.

தனி ஆளுக்கு உலை கிடைத்த விதம்

கருவிகளில் பெரும்பாலானவை மிகப் பழையவை. ஊதுகுழல் கி.மு. முதல் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் தோன்றியது. இடுக்கியும் கத்திரியும் வெனிஸ் அருகே முரானோ தீவில் நூற்றாண்டுகளாகக் கிட்டத்தட்ட இதே வடிவில் இருக்கின்றன. நம் காலத்துக்கு உரியவை மூன்றுதான்: அறைக்குள் அடங்கும் உலை, அந்த உலையின் சூட்டுக்கே உருகும் கண்ணாடி, செய்த பொருளை மெல்ல ஆறவிடும் ஆற்று அடுப்பின் சூட்டை மணிக்கணக்கில் தானே குறைத்துக்கொண்டு போகும் கண்ட்ரோலர்.

1950-களின் அமெரிக்காவில் கண்ணாடி என்றால் தொழிற்சாலை. வடிவமைப்பாளர் காகிதத்தில் வரைந்து கொடுப்பார், தொழிலாளர் குழு ஊதும். வரைந்தவர் கைக்குக் குழல் போகாது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை கற்பித்துவந்த ஹார்வி லிட்டில்டன் இதை மாற்ற நினைத்தார். 1962 மார்ச்சில் ஒஹையோவின் டோலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில், ஒரு கொட்டகையில் சிறு உலை கட்டிப் பயிலரங்கு நடத்தினார். முதலில் உருக்கிய கண்ணாடி ஊதுவதற்கே வரவில்லை. ஜான்ஸ் மான்வில் நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்த டொமினிக் லாபினோ, கண்ணாடி இழை தயாரிப்பதற்கான 475 என்ற ரகக் கோலிகளைக் கொடுத்தார். குறைந்த சூட்டில் உருகும் ரகம் என்பதால் அது சின்ன உலையிலேயே பதத்துக்கு வந்துவிட்டது. எப்படி ஊதுவது என்று காட்ட, ஓய்வுபெற்ற தொழிற்சாலைக் கலைஞர் ஹார்வி லீஃப்கிரீன் வந்தார். அதே ஜூனில் இரண்டாவது பயிலரங்கு நடந்தது. பிறகு விஸ்கான்சினில் கண்ணாடியே ஒரு பாடமானது.

அங்கே படித்த டேல் சிஹூலி 1968-ல் முரானோவின் வெனீனி தொழிற்கூடத்துக்குப் போய், குழுவாக வேலை செய்வதைப் பார்த்து வந்தார். 1971-ல் சியாட்டிலுக்கு வடக்கே பில்சக் பள்ளி தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. 1979-ல் முரானோவின் லீனோ தாலியபியெத்ரா அங்கே கற்பிக்க வந்தார். தீவு கட்டிக்காத்த கைவேலையை வெளியே கொடுக்கிறார் என்று ஊரில் சிலருக்கு வருத்தம். இன்று பட்டறைகளில் கற்றுத்தரும் வரிசையில் பெரும்பகுதி அந்த வழியாக வந்ததுதான்.

நுட்பம் மலிவானது என்று 1972-ல் லிட்டில்டன் சொன்னது இன்றும் அடிக்கடி மேற்கோளாகிறது. முதலில் கருத்து இருக்கட்டும், கைத்திறன் பின்னால் வரும் என்ற பொருளில் அவர் சொன்னார். பழக வருகிறவர்கள் அதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 60-களின் ஸ்டுடியோப் பொருட்கள் பல தடிமனாகவும் கோணலாகவும் இருப்பதற்கு, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததும் ஒரு காரணம்.

சூட்டைப் படிப்பது

கண்ணாடிக்குப் பனிக்கட்டியைப் போல ஒரே உருகுநிலை கிடையாது. சூடு குறையக் குறைய அது படிப்படியாக இறுகும். வெல்லப்பாகில் பதம் பார்க்கத் தெரிந்தவருக்கு இது சட்டென்று விளங்கும். பாகைத் தொட்டு உருட்டிப் பார்க்கலாம், கண்ணாடியில் நிறத்தையும் தொய்வையும் பார்த்தே சொல்ல வேண்டும்.

வழக்கமான ஸ்டுடியோ சோடா சுண்ணாம்புக் கண்ணாடிக்கு இந்த எண்களை நினைவில் வையுங்கள். எடுக்கும்போது உலை 1,120 முதல் 1,150 டிகிரி செல்சியஸ். குளோரி ஹோல் எனப்படும் மறுசூட்டு அடுப்பு 1,200-லிருந்து 1,250. மென்மையாகும் நிலை 700-ஐ ஒட்டி. ஆற்றும் நிலை 480 முதல் 500. உங்கள் கண்ணாடியைத் தயாரித்தவர் தரும் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மென்மையாகும் நிலைக்கு லிட்டில்டன் நிலை என்றும் பெயர் உண்டு. கார்னிங் நிறுவனத்தில் இயற்பியலாளராக இருந்த ஜெஸ்ஸி லிட்டில்டன், அதாவது ஹார்வியின் அப்பா, வகுத்த அளவு அது. 23.5 செ.மீ. நீளமுள்ள மெல்லிய கண்ணாடி இழையைத் தொங்கவிட்டுச் சூடேற்றும்போது, தன் எடையாலேயே நிமிடத்துக்கு 1 மி.மீ. நீளத் தொடங்கும் வெப்பநிலை. ஊதுகிறவருக்கு இதன் பொருள்: அதற்கு மேலே இருக்கும்வரை கண்ணாடி நகர்ந்துகொண்டே இருக்கும், நீங்கள் சுழற்றியே ஆக வேண்டும். அதற்குக் கீழே போனபின் ஜாக்ஸ் என்ற இடுக்கியை அழுத்தினால் வடிவம் மாறாது, விரிசல்தான் விழும்.

இன்னொன்றும் இருக்கிறது: ஊதும்போது சூடான இடம் மட்டுமே விரியும். ஆறிய இடம் அப்படியே நிற்கும். எங்கே ஊத வேண்டும் என்பதை வாய் முடிவு செய்வதில்லை, அதற்கு முன் எங்கே சூடேற்றினோம், எங்கே ஈரத்தாள் வைத்து ஆற்றினோம் என்பதுதான் முடிவு செய்கிறது. சீரான சுவர் வராத டம்ளர்களில் பெரும்பாலும் சறுக்கல் இங்கேதான்.

எடுத்து வைக்க வேண்டியவை

சுமார் 1.3 மீட்டர் நீள ஊதுகுழல் ஒன்று, கம்பி மாற்றும்போது டம்ளரின் அடியில் ஒட்டிப் பிடிப்பதற்கான பன்டி என்ற கம்பி ஒன்று. மார்வர் எனப்படும் வழவழப்பான இரும்பு மேசை. பெஞ்ச், அதன் இருபுறமும் குழலை உருட்டுவதற்கான தண்டவாளங்கள். ஜாக்ஸ் என்கிற நீண்ட இடுக்கி, அலகில் தேன்மெழுகு தடவியது. வைரக் கத்திரி, நேர்க் கத்திரி, சாமணம், அடியைத் தட்ட மரப்பலகை.

பிளாக் என்பது கைப்பிடி வைத்த குழிந்த மரக்கரண்டி, வழக்கமாக செர்ரி மரத்தில் கடைந்தது. அது எப்போதும் தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். ஈரமாக இருந்தால் கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே நீராவிப் படலம் உண்டாகி, கண்ணாடி அதன்மேல் வழுக்கிச் சுழலும். உலர்ந்த பிளாக் கருகும், கண்ணாடியிலும் கரி ஒட்டும்.

ஈரத்தாள் பற்றி ஒரு வார்த்தை. செய்தித்தாள் 8 முதல் 10 தாள் எடுத்து உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிதாக மடித்து, நன்றாக ஊறவைத்துப் பிழியாமல் தண்ணீரை மட்டும் வடியவிடுங்கள். பளபளப்பான வண்ண இதழ்த் தாள் வேண்டாம், அதன் பூச்சு கண்ணாடியில் ஒட்டும். முதல் இரண்டு தடவை புகையும். மேல்தாள் கருகி மெல்லிய கரிப்படலம் உண்டான பிறகுதான் அது நல்ல கருவியாகிறது. உள்ளங்கைக்கும் ஆயிரம் டிகிரிக்கும் நடுவே அந்த மடிப்பு மட்டும்தான் இருக்கும். காய்ந்தால் உடனே கையே சொல்லிவிடும்.

உடுப்பு பருத்தியாகவே இருக்கட்டும், செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். மூடிய காலணி போடுங்கள். உலையின் வாயைப் பார்க்கும்போது அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணியுங்கள். மணல், சோடா கலவையை நீங்களே உலையில் போடுவதாக இருந்தால் சிலிக்காத் தூசிக்கான முகக்கவசம் கட்டாயம்.

காலி பாட்டில்களை உடைத்து உருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. உருக்கலாம், ஆனால் பழகுவதற்கு ஏற்றதில்லை. பாட்டில் கண்ணாடி இயந்திர வேகத்துக்காகத் தயாரித்தது, சட்டென்று இறுகிவிடும். ஆற்றும் நிலையும் அதற்குக் கூடுதல், சுமார் 550 டிகிரி. ஸ்டுடியோக் கலவை நீண்ட நேரம் இளகி நிற்கும்படி வகுத்தது.

முதல் எடுப்பும் முதல் குமிழும்

குழலின் தலையை மங்கலான சிவப்பு தெரியும்வரை சூடேற்றுங்கள். குளிர்ந்த குழலில் கண்ணாடி சரியாக ஒட்டாது, பிறகு வேலையின் நடுவே தெறித்துக் கழன்றுவிடும். உலைக்குள் குழலைச் சற்றுச் சாய்த்து, தலை மட்டும் பரப்பைத் தொடும்படி இறக்கி, இரண்டு மூன்று சுற்று சுற்றி, சுற்றிக்கொண்டே வெளியே எடுங்கள். ஆழமாகக் குத்தினால் தலைக்குப் பின்னாலும் கண்ணாடி ஏறி, கழுத்து வீணாகும். மேற்பரப்பிலிருந்து எடுத்தால் குமிழும் குறைவு. சுமார் 100 கிராம் போதும்.

மார்வரில் உருட்டி உருளை வடிவமாக்குங்கள். மேசை சூட்டை உறிஞ்சுவதால் மேலே ஒரு தோல் கட்டும், உள்ளே இளக்கம் இருக்கும். இப்போது குழலில் பலமாக ஒரு ஊது ஊதி, உடனே கட்டைவிரலால் வாயை அடைத்துவிடுங்கள். அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து குமிழைத் தானே தள்ளும். தொடர்ந்து ஊதித் திணறுவதைவிட இந்த வழி எளிது. குமிழ் சுமார் 2 செ.மீ. ஆனதும் நிறுத்துங்கள். குமிழ் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் தயங்காமல் வாளியில் தட்டிவிட்டு மறுபடி எடுங்கள். பிற்பாடு அதைச் சரிசெய்ய முடியும் என்று நினைப்பது வீண். அந்தக் கோணல் டம்ளரின் வாய்வரை வரும்.

அடுத்த எடுப்புக்கு முன் குமிழ் ஆற வேண்டும். ஆரஞ்சு நிறம் போய், மெல்லிய மினுக்கம் மட்டும் இருக்கும்போது உலைக்குப் போங்கள். அவசரப்பட்டால் உலைச் சூட்டில் குமிழ் நெளிந்து சப்பையாகும். ரொம்பக் காத்திருந்தால் உலைக்குள் நுழையும்போதே வெடிக்கும்.

இரண்டாம் எடுப்பில் முன்பு எடுத்ததை முழுவதும் மூடி, தலையின் விளிம்பையும் சற்றுத் தாண்டி வாருங்கள். மொத்தம் 300 முதல் 350 கிராம் இருக்கும். வழியும் மிச்சத்தை உலை வாயிலேயே சொட்டவிட்டு, பெஞ்சுக்கு வந்து பிளாக்கில் சுழற்றுங்கள். பிளாக்கை அழுத்த வேண்டாம், தாங்கிப் பிடித்தால் போதும். உருண்டை குழலோடு ஒரே நேர்கோட்டில் நின்றால் சரி.

வண்ணம் வேண்டுமானால் முதல் எடுப்பை வண்ணக் கண்ணாடிப் பொடியில் உருட்டி, மறுசூட்டில் உருக்கி, அதன்மேல் தெளிந்த கண்ணாடியை எடுக்கலாம். இங்கே பார்க்க வேண்டியது விரிவுக் கெழு. ஸ்டுடியோக் கண்ணாடி பலவும் 96 என்ற எண்ணுடன் வரும்: ஒரு டிகிரி ஏறினால் நீளம் 1 கோடியில் 96 பங்கு கூடும். புல்ஸ்ஐ நிறுவனத்தின் தகடுகள் 90. இரண்டையும் ஒரே டம்ளரில் கலந்தால் ஆறும்போது ஒன்று மற்றொன்றைவிட அதிகம் சுருங்கும், விரிசல் நிச்சயம். சில சமயம் வாரக்கணக்கில் அலமாரியில் சும்மா இருந்துவிட்டுப் பிறகு விரியும்.

கழுத்து, உடல், அடி

மறுசூட்டில் நன்றாக இளக்கி, பெஞ்சில் உட்கார்ந்து, குழலின் தலையிலிருந்து 1 செ.மீ. தள்ளி ஜாக்ஸால் கழுத்தைப் பிடியுங்கள். இடது கை குழலை உருட்ட, வலது கை மெல்ல இறுக்கட்டும். ஒரே தடவையில் ஆழமாக வேண்டாம், ஒவ்வொரு சூட்டுக்கும் கொஞ்சம். டம்ளர் கடைசியில் குழலைவிட்டுப் பிரிய வேண்டிய இடம் இதுதான், ஆகவே முழுப் பொருளிலும் மெலிந்த இடம் இதுவாக இருக்க வேண்டும். பழகாத கைகள் கழுத்தைத் தடிமனாக விட்டுவிடுகின்றன. அப்புறம் தட்டும்போது விரிசல் கழுத்தில் நிற்காமல் உடலுக்குள் ஓடிவிடும்.

இனி உடலை ஊதலாம். உதவியாளர் மெதுவாக ஊத, நீங்கள் ஈரத்தாளைக் கீழே தாங்கி உருட்டுங்கள். நுனி முதலில் மெலியத் துடிக்கும், ஆகவே நுனியைத் தாளால் ஆற்றி, தோள்பகுதியைச் சூடாக வைத்து ஊதினால் சுவர் சீராகும். நீளம் வேண்டுமா, குழலைக் கீழ்நோக்கித் தொங்கவிடுங்கள். அகலம் வேண்டுமா, மேல்நோக்கிப் பிடியுங்கள். குறுக்களவு 7 செ.மீ. ஆனதும் ஊதுவதை நிறுத்துங்கள்.

அடியை மட்டும் சூடேற்றி மரப்பலகையால் தட்டையாக்கி, நடுவில் இம்மியளவு உள்ளே அழுத்துங்கள். பன்டி உடைந்த தழும்பு மேசையில் படாமல் நிற்க அந்தக் குழிவு வேண்டும்.

கம்பி மாற்றுவது

உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் நிதானம் தேவை. உதவியாளர் பன்டியின் நுனியில் சுமார் 20 கிராம் கண்ணாடி எடுத்து, மார்வரில் குட்டையான கூம்பாக்கி, தொய்வு நின்றதும் கொண்டுவர வேண்டும். நுனி மட்டும் ஒட்டும் சூட்டில் இருக்கட்டும். அதிகச் சூட்டில் வைத்தால் பன்டி அடியோடு ஒன்றாகிவிடும், கடைசியில் தட்டும்போது அடியில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு போகும். ஆறிப்போய் வைத்தால் ஒட்டியது போல நடித்துவிட்டு, மறுசூட்டுக்குப் போகும் வழியில் டம்ளர் தரையில் விழும்.

அடியின் நடுவில் வைத்து, சுழற்றி, நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு சாமணத்தால் ஓரிரு சொட்டுத் தண்ணீரைக் கழுத்துக் கோட்டில் வையுங்கள். முடியைப்போல் நுண்விரிசல் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். குழலை மரக்கட்டையால் ஒரு தட்டு. சுத்தமாகப் பிரிய வேண்டும். பிரியவில்லை என்றால் பலமாக அடிக்காதீர்கள், இன்னொரு சொட்டு வையுங்கள். தண்ணீர் கழுத்தைத் தாண்டித் தோளில் சிந்தினால் அங்கேயும் விரிசல் விழும்.

வாய் திறப்பது

பிரிந்த டம்ளரை நேராக நெருப்புக்குள் நுழைக்க வேண்டாம். வாய்ப்பகுதி இதற்குள் ஆறியிருக்கும். ஓரிரு வினாடி காட்டி எடுத்து, மறுபடி காட்டி, படிப்படியாக உள்ளே கொண்டுபோங்கள். விளிம்பு உருண்டு மினுங்கத் தொடங்கியதும் பெஞ்சுக்கு வாருங்கள். மேடுபள்ளமாக இருந்தால் நேர்க் கத்திரியால் ஒரு சுற்று வெட்டலாம். வெட்டும்போது சுழற்சி நின்றால் விளிம்பு தொங்கிவிடும்.

ஜாக்ஸின் இரு அலகையும் உள்ளே விட்டு, சுவரைத் தொட்டபடி மெல்லத் திறந்து வாயை 7.5 செ.மீ.-க்கு விரியுங்கள். இரண்டு சூட்டில் முடிவது நல்லது. ஒரே சூட்டில் முடிக்க நினைத்தால் ஆறத் தொடங்கிய விளிம்பில் அலகின் தடம் வரிவரியாகப் பதியும்.

கடைசியாக மொத்த உடலையும் ஒரு முறை சூடு காட்டி, நிறம் அடங்கும்வரை வெளியே சுழற்றுங்கள். பன்டி இணைப்பில் ஒரு சொட்டு நீர், ஒரு தட்டு. வெப்பக் கையுறை போட்ட உதவியாளர் டம்ளரை வாங்கி ஆற்று அடுப்பில் வைப்பார். வைப்பதற்கு முன் தழும்பின் கூர்முனையை டார்ச் நெருப்பில் சில வினாடி மழுக்கினால் பின்வேலை குறையும்.

ஆற்றுவது

வெளிப்புறம் முதலில் சுருங்கி இறுக, உள்ளே இன்னும் சூடு நின்றால், கண்ணாடிக்குள் இழுவிசை தங்கிவிடும். ஆற்றுவது இந்த இழுவிசையைக் கரைப்பதற்காக. 3 மி.மீ. சுவரும் 6 முதல் 8 மி.மீ. அடியும் உள்ள டம்ளருக்கு: 480 டிகிரியில் 1 மணி நேரம் நிறுத்தி, 370 வரை மணிக்கு 60 டிகிரி வீதம் இறக்கி, அங்கிருந்து மணிக்கு 120 வீதம் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். கணக்கு எப்போதும் மிகத் தடித்த இடத்துக்கு. சுவரைப் பார்த்து நேரம் வைத்துவிட்டு அடியில் விரிசல் கண்டு திகைப்பவர்கள் நிறைய. 50 டிகிரிக்கு மேல் இருக்கும்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

சரியாக ஆறியதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மடிக்கணினியில் வெள்ளைத் திரை வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸைத் திரை இருளும் கோணத்துக்குத் திருப்பிப் பிடியுங்கள். நடுவில் டம்ளரைக் கொண்டுவாருங்கள். முழுவதும் இருட்டாகத் தெரிந்தால் நல்லது. அடியின் ஓரத்திலோ பன்டி தழும்பைச் சுற்றியோ வெளிச்சக் கீற்று தெரிந்தால் இழுவிசை அங்கே மிச்சம். மறுபடி அடுப்பில் வைத்து, இந்த முறை அறை வெப்பநிலையிலிருந்து மெல்ல 480-க்கு ஏற்றி, முன்போலவே இறக்குங்கள்.

தேய்ப்பும் பயன்பாடும்

தழும்பைச் சிலிக்கான் கார்பைடு அல்லது வைரத் தட்டில் 220, 400, 600 என்ற சொரசொரப்பு எண் வரிசையில் தேய்த்து, பியூமிஸ் கல் பொடி, அதன்பின் சீரியம் ஆக்சைடால் பளபளப்பாக்குங்கள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், உலர்த் தேய்ப்பில் தூசி நுரையீரலுக்குப் போகும், சூட்டில் கண்ணாடியும் கீறும். முந்தைய எண்ணின் கோடு ஒன்றுகூட மிஞ்சாமல் போனபிறகே அடுத்த எண்ணுக்குப் போங்கள்.

தண்ணீர், மோர், பழச்சாறு எதையும் இதில் குடிக்கலாம். கொதிக்கக் கொதிக்கக் காப்பி மட்டும் ஊற்ற வேண்டாம். அடுப்படியில் பழகிய போரோசிலிகேட் பாத்திரத்தின் விரிவுக் கெழு 33, இதற்கு 96. மெல்லிய சுவர் சட்டென்று விரிய, தடித்த அடி பின்தங்கும், இரண்டும் சேரும் வளைவில் சுற்றிலும் விரிசல் விழுந்து அடி தனியாகக் கையோடு வந்துவிடும்.